கண்வலிப்பூவுக்கு மெல்லிய குச்சி

ஏப்ரல் 28

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது கியர் மாற்றுகிற சத்தம் போடுகிறது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் "ம்" என்கிறீர்கள், அப்புறம் "சரி" என்கிறீர்கள், அதற்கப்புறம் லைன் கட்டாகிவிட்டதா இல்லை நீங்கள் யோசிக்கிறீர்களா என்று எனக்குத் தெரிவதில்லை. போன மாதம் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் வைத்துவிட்டேன். மன்னிக்கவும். காகிதத்தில் என்றால் உங்களுக்கு நிதானமாக யோசிக்க இடமிருக்கும்.

நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி, "உங்க சம்பந்தி புதுக் கண்ணாடி அனுப்பிட்டாரு, இனிமேலாவது உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியும்" என்றாள். திறந்தால் உள்ளே பஞ்சுக்கு நடுவில் கவட்டை மாதிரி ஒரு கிழங்கு. இஞ்சி என்று நினைத்து அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நல்லவேளை, மூடிக்குள் நீங்கள் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். "விஷம். சமையலறைக்குள் வேண்டாம். தொட்டால் கை கழுவவும்." சம்பந்தி வீட்டிலிருந்து எங்களுக்கு விஷம் வந்திருக்கிறது என்று இப்போது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன வருஷம் உங்கள் கடையின் பின்சுவரில் இந்தக் கொடி பூத்து நின்றதை நான் வாயைப் பிளந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? ஓய்வு பெறும்வரை நெடுஞ்சாலையில் பஸ் ஓட்டியவன் நான். வேலியோரத்தில் அந்தப் பூவைத் தினம் தினம் தாண்டியிருப்பேன். போகிற வேகத்தில் அது வெறும் சிவப்புக் கோடு. நின்று பார்த்தது அங்கேதான். கண்ணாடிக்கடைக்காரர் வளர்ப்பது கண்வலிப்பூ என்று நான் சொன்ன ஜோக்குக்கு நீங்கள் சிரிக்கவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

நட்டுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கவட்டை வானத்தைப் பார்க்கிற மாதிரி நேராக நிறுத்தி. காலையில் முதல் டிரிப் நேரத்துக்கு ஒரு வாளி, சாயங்காலம் கடைசி டிரிப் நேரத்துக்கு ஒரு வாளி. ஒருநாளும் லேட் இல்லை.

பாப்பாவும் மாப்பிள்ளையும் போன ஞாயிறு வருவதாகச் சொல்லி வரவில்லை. வேலையாம். அதற்கு முந்தின ஞாயிறும் வேலைதான்.

என்றும் அன்புள்ள,
உங்கள் சம்பந்தி


மே 7

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இருமல் குறைந்திருக்கிறது. முழங்காலை வைத்துக்கொண்டு வாளி தூக்க வேண்டாம்.

எப்படியும் தூக்கக் கூடாது. கிழங்கு தூங்குகிறது. முளை தெரியும்வரை தண்ணீர் வேண்டாம், அழுகிவிடும். நேரம் தவறாமை நல்ல குணம். செடிக்கு இப்போது அது தேவையில்லை.

கிழங்கை நிறுத்தக் கூடாது. படுக்கவைக்க வேண்டும். கவட்டையின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு முளைக்கண் இருக்கிறது. வேறெங்கும் கிடையாது. நுனி உடைந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. ஆகையால் விரலால் தோண்டி எடுத்து மாற்றி வையுங்கள். மண்வெட்டி ஆகாது.

ஜோக்குக்குச் சிரித்தேன். நீங்கள் கிளம்பிப் போன பிறகு.

பிள்ளைகளுக்கு வேலை இருக்கும்.

தங்கள்,
சம்பந்தி


ஜூன் 9

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? மழை ஆரம்பித்துவிட்டது, நெஞ்சில் சளி கட்டும். எனக்குக் குறையில்லை. சாப்பாடு உள்ளே போகிறது, தூக்கம் தானாக வருகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே தரையோடு தரையாக உட்கார்ந்து பத்து விரலாலும் தோண்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "என்ன சார், புதையலா?" என்றார். "இல்ல சார், சம்பந்தி குடுத்த விஷம்" என்றேன். அதற்கப்புறம் ரெண்டு மூன்று நாள் அந்தத் தலையை மதில்மேல் காணோம்.

தண்ணீரை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். உங்கள் கடிதம் ஞாபகம் வரும். வாளியோடு திரும்பி வருவேன். ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொள்வது என்று ஒரு வேலை இருப்பதே எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது. நீங்கள் வருஷா வருஷம் இதைச் செய்கிறீர்கள் பாருங்கள், உங்களுக்குப் பெரிய மனசு.

முதல் மழை விழுந்து கொஞ்ச நாளில் மண் வெடித்தது. சீவின பென்சில் மாதிரி ஒரு முனை. மறுநாள் கொஞ்சம் தள்ளி இன்னொரு முனை. இரண்டு கண்ணும் பிழைத்துவிட்டது! எட்டாம் வகுப்பில் தேறியபோதுகூட நான் இப்படிக் குதித்ததில்லை. அதற்கு மேல் தேறாததால் ஒப்பிட வேறு உதாரணம் இல்லை.

அதே வாரம் பாப்பா வந்தாள். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்பா" என்றாள். பெட்டி இரண்டு, தோளில் ஒரு பை, கையில் அவளுடைய மேஜை விளக்கு. நான் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஓட்டினவனுக்கு லக்கேஜைப் பார்த்தாலே பயணம் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். கொஞ்ச நாள் இருக்க வருகிறவர்கள் மேஜை விளக்கைக் கழற்றிக்கொண்டு வர மாட்டார்கள்.

மாப்பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் எழுதுங்கள். சொல்லவில்லையென்றால், நான் எழுதியதை நீங்கள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கொடி ஏறுவதற்கு ஒரு கம்பம் நட்டிருக்கிறேன். நல்ல கனமான இரும்புக் குழாய். லாரி மோதினாலும் அசையாது.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஜூலை 2

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் சொன்னான். கடைக்கு வந்து, கடைசி ஆள் போகும்வரை காத்திருந்து சொன்னான். பிரிந்துவிடுவது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்களாம். சண்டை எதுவும் இல்லையாம். சண்டை என்றால் நாம் இரண்டு பேரும் போய்ச் சமாதானம் செய்யலாம். இல்லாத சண்டையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "ம்" என்றேன்.

அவர்கள் பிரிந்துவிட்டால் நான் உங்களுக்கு யார் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான். இனிமேல் நான் பதில் எழுதலாமா என்றும் தெரியவில்லை. செடிக்காக எழுதுகிறேன்.

குழாயை எடுத்துவிடுங்கள். இந்தக் கொடிக்கு இலைதான் கை. ஒவ்வொரு இலையும் நுனியில் நூலாக மெலிந்து, சுருண்டு, அகப்பட்டதைப் பிடித்துக்கொள்ளும். கனமான கம்பத்தைச் சுற்றிப் பிடிக்க அந்த நூல் எட்டாது. வழுக்கி விழும். மெல்லிய குச்சி போதும். கண்ணாடிச் சட்டத்தின் காதுக்கம்பி கனம் இருந்தால் சரி. நெருக்கமாக நிறைய வேண்டும். காய்ந்த புதர்க்கிளை ஒன்றை அப்படியே நட்டாலும் நல்லது.

மகளை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடையிலிருந்து


ஜூலை 8

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

(இன்னும் சம்பந்திதான். யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடவில்லை.)

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. தனியாக இருக்கிறவர்கள் இந்த மாதிரி நேரத்தில் ரொட்டியைப் பாலில் முக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

குழாயைப் பிடுங்கிவிட்டேன். நடும்போது இருந்த வீரம் பிடுங்கும்போது இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து இழுத்தார். காய்ந்த கிளையை நட்டதும் மறுநாளே ஒரு இலை அதைப் பிடித்துக்கொண்டது. முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நம் சுண்டுவிரலைப் பிடிக்குமே, அந்தப் பிடி. பலமே இல்லாத மாதிரி இருக்கிறது. நேற்றுப் பெருங்காற்று அடித்தும் விடவில்லை. லாரி மோதினாலும் அசையாத குழாயை நட்டவன் வெட்கப்பட்டு நின்றேன்.

இங்கே வீட்டுக்காரிக்கு மனசு சரியில்லை. நான் எழுத உட்கார்ந்ததும், "அவங்க வீட்டுக்கு இனிமே என்ன கடுதாசி?" என்றாள்.

"செடி விஷயம்."

"செடி விஷயம் ரெண்டு பக்கமா?"

"கொடிம்மா. நீளமாத்தான் வரும்."

அவளுக்கு மாப்பிள்ளை என்றால் உயிர். அவருக்கென்று வைத்திருந்த பெரிய டம்ளரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். ஆனால் துணியில் சுற்றித்தான் போட்டாள்.

பாப்பா நன்றாக இருக்கிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அழுதால் பக்கத்தில் உட்காரலாம். அவள் காலையில் வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் வந்து கொடியைப் பார்க்கிறாள், என் தலைமுடியைப் பார்த்து வெட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீங்கள் கொடுத்த செடி. பூத்தால் உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பதுதானே முறை? உங்களால் கடையை விட்டு வர முடியாது. மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை விடுமுறை. நான் வேறொன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஜூலை 30

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். ரொட்டியும் பாலும் என்று யார் சொன்னது? உண்மைதான். இப்போது சோறு வடிக்கிறேன்.

நீங்கள் வேறொன்றும் சொல்லவில்லை. நானும் வேறொன்றும் புரிந்துகொள்ளவில்லை. பூத்ததும் தகவல் சொல்லுங்கள், மகன் வருவான். செடியைப் பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொல்வேன்.

பூவை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். எட்டி நின்று பார்த்தால் நெருப்பு. எல்லோரும் அதோடு போய்விடுகிறார்கள். கிட்டே போக வேண்டும். ஆறு இதழும் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். அதன் கீழே ஆறு மகரந்தத் தண்டுகள் சக்கரத்தின் ஆரக்கால் போல விரிந்திருக்கும். அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு மட்டும் நேராக வராமல், பக்கவாட்டில் வளைந்து வெளியே நீண்டிருக்கும். காய் பிடிப்பதற்கான தண்டு அது. தன் பூவின் மகரந்தம் தன்மேல் விழாமல் ஒதுங்கி நிற்கிறது. முதல்முறை பார்த்தபோது யாரோ கை பட்டு ஒடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு எல்லாப் பூவும் அப்படியே இருந்தது. ஒரு பூவுக்கு இவ்வளவு யோசனையா என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் கடை திறக்கவில்லை.

இதைப் பார்க்க மகனிடம் பூதக்கண்ணாடி கொடுத்தனுப்புகிறேன். ஒன்றுதான் அனுப்புகிறேன். கடையில் நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்றுதான். இரண்டு பேர் பார்ப்பதென்றால் கைமாற்றிக் கைமாற்றித்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்காமல் கைமாற்ற முடியாது.

தங்கள்,
சம்பந்தி


ஆகஸ்ட் 24

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். ஆகவே நீங்கள் சாப்பிட்டுவிட்டு, திடமாக உட்கார்ந்து படிக்கவும். நாங்கள் நலம். என் வீட்டுக்காரிக்கு மட்டும் என்மேல் கோபம். அது வழக்கமான ஆரோக்கியம்தான்.

முதலில் பூ. மொட்டு பச்சையாகத் தலை குனிந்து தொங்கியது. விரிந்ததும் இதழெல்லாம் மேலே திரும்பிக்கொண்டது, எதிர்க்காற்றில் குடை மடங்குகிற மாதிரி. ஓரமெல்லாம் நெளிநெளி. புதிதாகப் பூத்தது பச்சை. அதற்கு முன்னால் பூத்தது மஞ்சள். அதற்கும் முன்னால் பூத்தது சிவப்பு. ஒரே கொடியில் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்று. சிக்னலில் மூன்று விளக்கும் சேர்ந்து எரிந்தால் டிரைவர் என்ன செய்வான்? வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். நானும் அதைத்தான் செய்தேன். வாழ்க்கை பூரா நான் பச்சைக்குக் கிளம்பிச் சிவப்புக்கு நின்றவன். இந்தப் பூ பச்சையில் கிளம்பிச் சிவப்பில் முழு வேகம் எடுக்கிறது. இதைப் போய்ச் சிவப்புக் கோடு என்று தாண்டிப் போனேனே!

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். இளைத்திருந்தார். கதவைத் திறந்த வீட்டுக்காரி, "வாங்க" என்றாள். எப்போதும் "வாங்க மாப்பிள்ளை" என்பவள் அந்த வார்த்தையைத் தொண்டையிலேயே நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பாப்பா வந்தாள்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ?"

பாங்கி வரிசையில் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு பேரையும் பின்பக்கம் அழைத்துப் போய்ச் செடி முன்னால் நிறுத்தி, "நான் போய் டீ கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இதை உங்களிடம் மறைப்பானேன்.

உங்கள் யோசனை வேலை செய்தது சம்பந்தி! ஒரே பூதக்கண்ணாடி. அவர் பார்த்தார். அவள் வாங்கினாள். தோளோடு தோள் இடிக்கிற தூரத்தில் நின்றார்கள்.

"இந்தத் தண்டு ஏன் இப்படி வளைஞ்சு கிடக்கு? ஒடிஞ்சிருச்சா?"

"இல்ல, அப்பா சொன்னாரு. சும்மா ஒதுங்கி நிக்குதாம்."

"ஒதுங்கி நிக்கறத உங்கப்பாவத் தவிர யாரு கண்டுபிடிப்பா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பாப்பா அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று! அவ்வளவுதான், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று தொட்டிக்குப் பின்னால் நானும் சிரித்தேன்.

"அப்பா, வெளிய வாங்க. தொட்டிக்குப் பின்னாடி உங்க வயிறு தெரியுது."

வந்தேன். "டீ எங்க மாமா?" என்றார் மாப்பிள்ளை, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

"கண்ணாடிக் கடையிலேர்ந்து ஒரே ஒரு பூதக்கண்ணாடி," என்றாள் பாப்பா. "எங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சீங்களா ரெண்டு பேரும்?"

மாட்டிக்கொண்டாயிற்று, இனி என்ன என்று கேட்டேவிட்டேன். "இவ்வளவு நல்லாப் பேசிச் சிரிக்கறீங்களே, அப்புறம் ஏம்மா?"

மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். "மாமா, இந்த மாதிரி அந்த வீட்ல ஒரு நாள்கூட நாங்க பேசினதில்ல."

"மரியாதையா இருந்தோம்பா," என்றாள் பாப்பா. "ரெண்டு பேரும் அவ்வளவு மரியாதையா இருந்தோம். மரியாதையா மட்டும்தான் இருந்தோம். பிரிஞ்சிரலாமான்னு இவர் கேட்ட அன்னைக்குத்தான் முதல் தடவையா விடிய விடியப் பேசினோம். எனக்கு இவர்மேல கோபமே இல்ல. திரும்பிப் போனா மறுபடியும் மரியாதை வந்துரும்."

நான் ஏதாவது பெரிய மனுஷத்தனமாகச் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "அப்போ எங்க கதி?"

"யாரு கதி?"

"எனக்கும்... அவரோட அப்பாவுக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அப்பா! பிரியறது நாங்க. உங்க ரெண்டு பேரையும் யாரு பிரியச் சொன்னா?"

ஒருவரையொருவர் குறை சொல்லாமல், நம்மையும் குறை சொல்லாமல், ஒரு பூவை நடுவில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல எனக்கு வராது. டிப்போவில் ஒரு டயர் பஞ்சரானால்கூட யார் தப்பு என்று மூன்று நாள் கத்துவோம். இவர்கள் இரண்டு பேரும் நமக்குப் பிறந்தவர்கள்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. உங்கள் மகனை நினைத்தும் பெருமைப்பட்டேன், என் மகளை நினைத்தும் பெருமைப்பட்டேன். அவர் கிளம்பின பிறகு தொட்டிப் பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அவர் கிளம்புமுன் டீயும் வந்தது. எந்த டம்ளரில் என்று நான் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காரி எப்போது பரணில் ஏறினாள் என்று எனக்குத் தெரியாது.

பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


அக்டோபர் 4

அன்புள்ள

மேலே பாதியில் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். போன வாரம் பிள்ளைகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சம்பந்தி என்று எழுதப் பேனா தயங்குகிறது. "நண்பரே" என்று போட்டுப் பார்த்தேன், மேடையில் மைக் பிடித்த மாதிரி இருக்கிறது. "அண்ணா" என்றால் நீங்கள் என்னைவிட இளையவர். "தம்பி" என்றால் உங்கள் முகத்துக்கு ஒட்டாது. "கண்ணாடிக்காரரே" என்றால் தெருவில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி. அதனால் இடம் விட்டிருக்கிறேன். பொருத்தமாக ஏதாவது இருந்தால் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு ஏதாவதா? ஒரு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைக்குப் போன் செய்தேன். எடுத்துவிட்டு யாரும் பேசவில்லை. நீங்கள்தான் என்று நினைக்கிறேன். "ம்" கூட இல்லை.

தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். நேற்று வீட்டுக்காரி பின்னாலிருந்து, "இன்னைக்கும் வரலியா?" என்றாள். எப்போதும் அவளிடம் சண்டைக்கு இழுக்கிற குரல் ஒன்று உண்டு. அது இல்லை.

பூ எல்லாம் போய்க் காய் பிடித்திருக்கிறது. கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. பாப்பா, "செடி சாகுதாப்பா?" என்று கேட்டாள். உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
நான்தான்


அக்டோபர் 19

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருக்கிறேன். இருமலும் இல்லை. போனை எடுத்தது நான்தான்.

செடி சாகவில்லை. காய்கிறது. வெட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம். காயும்வரை அது கிழங்குக்கு மண்ணுக்கடியில் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருக்கிறது. தானாக உதிர்ந்த பிறகு அந்த இடத்தில் ஒரு குச்சி மட்டும் அடையாளத்துக்கு இருக்கட்டும். மறுபடி தூங்கும். வாளியைத் தொடாதீர்கள்.

மகன் வந்து அங்கே நடந்ததைச் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். தொட்டியைப் பற்றிச் சொல்லும்போது மூச்சு வாங்கினான். அன்றைக்கே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகள் சம்மதம் கொடுத்தாயிற்று. ஆனால் உங்கள் வீட்டம்மாவின் வருத்தம் நியாயமானது. என் வீட்டுக்கு அனுப்பிய பெண் விளக்கோடு திரும்பி வந்திருக்கிறாள். அவர் வாசலில் போய் விழுகிற கடிதத்தை எந்த முகத்தோடு எழுதுவது? பல நாள் எழுதி, பல நாள் மடித்து வைத்துவிட்டேன்.

இப்போது எழுதக் காரணம் வேறு. உங்கள் கடிதங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். ஏப்ரலில் உங்கள் எழுத்து கடுகு. இப்போது பட்டாணி. வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்குகின்றன. உங்கள் கண்ணாடி போதவில்லை. இப்படியே விட்டால் தலைவலி வரும். வந்தும் இருக்கும், நீங்கள் எழுதவில்லை.

வந்து கண்ணைக் காட்டுங்கள். கடைக்கு வருவதற்கு யாருக்கும் உறவுமுறை வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நானும்தான்


நவம்பர் 16

அன்புள்ள

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிற முதல் கடிதம் இது. எழுத்து மறுபடி கடுகாகிவிட்டதா பாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். உங்களுக்கு அன்றைக்குக் கடையில் நின்று நின்று கால் வலித்திருக்கும். வெந்நீர் ஊற்றினீர்களா?

உங்கள் கடிதத்தை வீட்டுக்காரியிடம் சத்தமாகவே படித்துக் காட்டினேன். அவள் வருத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவளே வாங்கிப் படித்தாள். மடித்துக் கொடுத்தாள். அப்புறம், "எனக்கும் ஊசியில நூல் கோர்க்க முடியல. நானும் வரேன்" என்றாள். அவள் ஊசியைத் தொட்டே பல வருஷமாகிறது. இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

கடைக்குள் நுழைந்ததும் அவள் உங்களிடம் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "நீங்க எப்பவும்போல எழுதுங்க. தபால்காரரப் பாத்துப் பாத்தே இவரு கண்ணு கெட்டுப்போச்சு." நீங்கள் "ம்" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து அவ்வளவு நீளமான "ம்" நான் கேட்டதில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மெஷினில் தாடையை வைத்து நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அடுத்துக் காத்திருந்த ஒரு டீச்சரம்மா உங்களிடம் கேட்டார், "சொந்தக்காரரா சார்?" நீங்கள் லென்ஸை மாற்றிக்கொண்டே "ம்" என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம் அந்தம்மா. "எந்த வகையில?" என்றார்.

இந்தக் கேள்வியைத்தான் நான் ஜூலையிலிருந்து தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்களோ, அதுதான் இனிமேல் நான் என்று தோன்றியது. நீங்களோ என்னிடம், "இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா?" என்று கேட்டீர்கள். ஏதோ உளறினேன். பிறகு அந்தம்மா பக்கம் திரும்பாமலே, பல்பு போய்விட்டது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னீர்கள்.

"நம்ம வீட்டு ஆளு. நீங்க அசையாதீங்க, அசைஞ்சா அளவு மாறிடும்."

அசையவில்லை. ஆனால் எதிரே இருந்த எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னீர்கள், முதல் வரியே தெரியவில்லை. இன்னொரு லென்ஸ் போட்டீர்கள், அப்போதும் தெரியவில்லை. அது பவர் குறைவு இல்லை என்று உங்களுக்கு எப்போது புரிந்ததோ தெரியாது. லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியை என் கையில் கொடுத்துவிட்டு, டீச்சரம்மாவுக்குச் சட்டம் காட்டப் போய்விட்டீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவரு சொன்னது காதுல விழுந்துச்சா?" என்றாள்.

"எது?"

"விழலயா? அப்போ காதையும் காட்டிட்டு வந்திருக்கலாம்."

அதற்கப்புறம் வீடு வந்து சேரும்வரை என் கையை விடவில்லை. ஓய்வு பெற்ற டிரைவர், பயணி சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எல்லோர் முன்னாலும் கையைக் கொடுத்துக்கொண்டு வந்தேன்.

பாப்பா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கொடி முழுக்கக் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குச்சி நட்டிருக்கிறேன். வாளியைத் தொடவில்லை.

புதுக் கண்ணாடி வலது காதோரம் கொஞ்சம் அழுத்துகிற மாதிரி இருக்கிறது. அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டுகிறேன். அழுத்தாவிட்டாலும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டு ஆள்